கொடுவாக் குஞ்சுகள் குறைவது ஏன்?

உவர்நீர்க் குளத்தில் கொடுவாக் குஞ்சுகளை விட்டு ஒரு மாதம் கழித்து எண்ணிப் பார்க்கையில் பாதிகூடத் தேறவில்லை என்று வளர்ப்போர் குறைப்படுவதுண்டு. கொக்கின் மேலும் நண்டின் மேலும் பழி போகும். ஆனால் செத்த மீன் ஒன்றும் மிதந்திராது. தின்றது பெரும்பாலும் கூட இருந்த கொடுவாதான்.

கொடுவா ஊனுண்ணி. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் இதன் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்து காட்டியது. பொரிப்பகத்தில் பிறந்தாலும் குணம் மாறுவதில்லை. ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளிலும் சில வேகமாக வளர்ந்துவிடும். தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு உள்ள குஞ்சை அது விழுங்கிவிடும். அதாவது 9 செ.மீ. மீனுக்கு 6 செ.மீ. மீன் இரை. அதைவிடச் சற்றுப் பெரிய இரை தொண்டையில் சிக்கி இரண்டும் சாவதுண்டு. தப்பியவை வால் கிழிந்து, செதிள் உதிர்ந்து திரியும். அந்தப் புண்ணில் நோய்க்கிருமி எளிதில் பற்றும்.

ஆகவே 10 செ.மீ. வளரும் வரை குஞ்சுகளைக் குளத்தில் விடாமல், நைலான் வலைப் பெட்டிகளில் வைத்து வளர்ப்பதே நல்லது. மூன்று முதல் ஏழு நாட்களுக்கு ஒருமுறை அளவு வாரியாகப் பிரிக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. ஒரே அளவுத் துளைகள் இட்ட பிளாஸ்டிக் கூடையை நீரில் மிதக்கவிட்டு அதில் குஞ்சுகளை விட்டால் சிறியவை தாமே வெளியேறும், பெரியவை தங்கும். துளையின் ஓரம் மழமழவென்று இருக்க வேண்டும், இல்லையேல் பிரிக்கும் வேலையே புண்ணை உண்டாக்கும். காலைக் குளிர்ச்சியில், தீனி போடுமுன் இதைச் செய்யலாம். செவுள் மூடியின் முள் கையைக் கிழிக்கும், கவனம்.

தீனியை ஒரே மூலையில் கொட்டினால் பெரிய மீன்கள் அங்கேயே காவல் நிற்கும். பல இடங்களில் தூவி, ஒரு நாள் தீனியைப் பல வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் அளவு வித்தியாசம் வந்தபின் தீனியை மட்டும் கூட்டிப் பயனில்லை.

காயம்பட்ட குஞ்சுகளைத் தனிப் பெட்டிக்கு மாற்றி, நீரைத் தூய்மையாக வைத்தால் பல தேறிவிடும். தாமாக மருந்து வாங்கிக் கலப்பது கூடாது. மீன்வளத்துறை அலுவலரைக் கேட்கலாம்.

குறைந்த எண்ணிக்கையை ஈடுகட்டப் புதுக் குஞ்சு வாங்கி அதே குளத்தில் விடுவோரும் உண்டு. பழைய மீனுக்குப் பணம் கொடுத்து இரை வாங்கிப் போட்ட கதைதான் அது. புதியவற்றை வேறு பெட்டியில் வளர்த்து, அளவு ஒத்து வந்த பின்பே சேர்க்க வேண்டும்.