மேலோடி அனுப்பும் கடிதம்

“போஸ்ட் முறையில் அனுப்பும் தகவல் வெளியே தெரியாது. ஆகவே அது பாதுகாப்பானது.” தவணைப் பரீட்சையில் நான் எழுதிய விடை இது. புள்ளியும் கிடைத்தது. அந்த விடை பாதிதான் சரி என்பதை, விடுமுறையில் என் தங்கச்சியின் கடவுச்சொல்லைத் தெரியாமல் பார்த்துவிட்ட அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

கைத்தொலைபேசியில் ஒரு முகவரியைத் தட்டியதும் குரோம் போன்ற வலை மேலோடி, எங்கோ இருக்கும் சேவையகத்துக்கு ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. சேவையகம் பக்கத்தைத் திருப்பி அனுப்புகிறது. பாடக் கொப்பியில் இதை இரண்டு அம்புக்குறிகளால் வரைகிறோம். அந்த அம்புக்குறிக்குள் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை.

அதற்கு ஒரு சேவையகம் வேண்டும். பைதன் மொழியில் இருபது வரி போதுமாக இருந்தது. 8080 என்ற துறையில் காத்திரு, யாராவது இணைந்தால் வரும் எழுத்துகளை அப்படியே திரையில் காட்டு, ஒரு சிறு பதிலை அனுப்பு, இணைப்பை மூடு. என் செய்நிரல் செய்தது இவ்வளவுதான். வாப்பாவின் மடிக்கணினியில் அதை ஓடவிட்டு, அதே வைஃபையில் இருந்த உம்மாவின் தொலைபேசியில் மடிக்கணினியின் ஐ.பி. முகவரியைத் தட்டினேன்.

திரையில் ஒரு கடிதம் வந்து விழுந்தது. முதல் வரியில் “கெட்” என்ற சொல், வேண்டிய பக்கம், “எச்.டி.டி.பி. 1.1” என்ற பதிப்பு. அடுத்து, எந்த முகவரிக்குப் போகிறது என்ற வரி. அதன் பின் மேலோடி தன்னை அறிமுகம் செய்யும் வரி. குரோம் ஆக இருந்தும் அது “மொசில்லா 5.0” என்றே தொடங்குகிறது. 1990களில் அந்தப் பெயரைச் சொன்ன மேலோடிக்குச் சில தளங்கள் நல்ல பக்கங்களைக் கொடுத்ததால், மற்றவையும் அதே பெயரைச் சொல்லப் பழகின. இன்னொரு வரி, தமிழில் பக்கம் இருந்தால் முதலில் அதைத் தரும்படி கேட்டது.

“நான் போனைத் தமிழ்ல வெச்சிருக்கிறது அதுக்கு எப்பிடித் தெரியும்?” என்று உம்மா கேட்டார். “நீங்க சொல்லல்ல உம்மா, போன் சொல்லுது” என்றேன்.

கடிதத்தின் முடிவில் ஒரு வெற்று வரி. தலைப்பு வரிகள் முடிந்தன என்பதற்கு அதுதான் அடையாளம். என் முதல் பதிலில் அந்த வரியை விட்டுவிட்டேன். இணைப்பை மூடவும் மறந்திருந்தேன். பக்கம் வராமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. 1991இல் ரிம் பேர்ணர்ஸ் லீ உருவாக்கிய முதல் பதிப்பில் கோரிக்கை ஒரே ஒரு வரிதான். இன்று நாம் கேட்காமலேயே இத்தனை வரிகள் போகின்றன.

அடுத்து, தங்கச்சி தன் கதைப்புத்தகங்களை இரவல் கொடுப்பதைப் பதிய ஒரு படிவம் செய்தேன். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். முறையைக் குறிப்பிட மறந்ததால் மேலோடி தானாகவே “கெட்” முறையை எடுத்துக்கொண்டது. நான் தட்டிய கடவுச்சொல் முகவரிப் பட்டையிலேயே தெரிந்தது. உடனே “போஸ்ட்” என்று மாற்றினேன். முகவரிப் பட்டை சுத்தமானது. “இப்ப ஒருத்தருக்கும் தெரியாது, நீ அடிச்சுப் பாரு” என்று பெருமையாகத் தங்கச்சியைக் கூப்பிட்டேன்.

அவள் தட்டியபோது தொலைபேசியில் கறுப்புப் புள்ளிகள்தான் தெரிந்தன. ஆனால் மடிக்கணினித் திரையில், வெற்று வரிக்குக் கீழே, அவளுடைய கடவுச்சொல் எழுத்துக்கு எழுத்து இருந்தது.

“என்ட பாஸ்வேர்ட் ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் ராத்தா?” அவள் முகம் வாடிவிட்டது. மின்னஞ்சலுக்கும் வகுப்புக் கணக்குக்கும் அவள் வைத்திருந்ததும் அதே சொல்தான்.

போஸ்ட் முறை தகவலை மறைப்பதில்லை, இடத்தைத்தான் மாற்றுகிறது. கடித உறையின் வெளியே எழுதியதை உள்ளே வைப்பது போன்றது. உறையோ கண்ணாடித்தாள். சாதாரண எச்.டி.டி.பி.யில் வழியில் நிற்பவரும் அதை வாசிக்கலாம்.

பிறகு அதே முகவரியின் முன்னால் “எச்.டி.டி.பி.எஸ்.” என்று தட்டிப் பார்த்தேன். வாசிக்க முடியாத குறிகள் மட்டும் வந்தன. அது இரகசியமாகப் பேசுவதற்கான ஏற்பாட்டைக் கேட்கும் முதல் செய்தி. என் சேவையகத்துக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியாததால், மேலோடி கோரிக்கையில் ஒரு வரிகூடத் தரவில்லை. வழியில் நிற்பவரிடமிருந்து நம்மைக் காப்பது இந்த ஏற்பாடுதான்.

“அப்ப அந்த எஸ் எழுத்து இருந்தாப் போதுமா?” என்று வாப்பா கேட்டார். போதாது. அது பாதையை மட்டுமே காக்கிறது. மறுமுனையில் இருக்கும் சேவையகம் கடிதத்தைத் திறந்து வாசிக்கத்தான் செய்யும். அன்று மறுமுனையில் இருந்தது நான். வேறொரு நாள் போலித் தளம் நடத்தும் ஒருவராக இருக்கலாம். ஆகவே தளத்தின் பெயரைச் சரிபார்க்க வேண்டும். ஒரு கணக்கின் கடவுச்சொல்லை இன்னொன்றுக்கு வைக்கக் கூடாது.

அன்றிரவே தங்கச்சியின் கடவுச்சொற்களை அவளே மாற்றினாள்; நான் மறுபக்கம் திரும்பி இருந்தேன். திரையில் வந்ததையும் அழித்துவிட்டேன். செய்து பார்க்க விரும்பும் தோழிகள் சொந்த வீட்டில், வீட்டாரின் சம்மதத்தோடு, பொய்யான சொற்களைத் தட்டிச் செய்யுங்கள். பிறருடைய தகவலை அனுமதியின்றி இடைமறிப்பது, 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றமாகும்.

அந்த வினா மீண்டும் வந்தால் இப்படி எழுதுவேன்: போஸ்ட் முறை தகவலை முகவரிப் பட்டையிலிருந்து அகற்றும். எச்.டி.டி.பி.எஸ். அதை வழியில் காக்கும். போய்ச் சேர்ந்த பின் அதைக் காக்க வேண்டியது, அதைப் பெற்றுக்கொண்ட மனிதர்.