மிஸ்ஸிங் அடிக்கும் புல்லட்: திருவொற்றியூர்த் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

தாத்தாவின் புல்லட் உன் கைக்கு வந்ததையும், வந்த நாளிலிருந்தே அது விட்டுவிட்டுத் தடுமாறி மிஸ்ஸிங் அடிப்பதையும் எழுதியிருந்தாய். பிளக் மாற்றியாயிற்று, காயில் மாற்றியாயிற்று, இரண்டு மெக்கானிக்குகள் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியும் ஆயிற்று. காசு போனது, மிஸ்ஸிங் போகவில்லை. இவ்வளவும் எழுதிய நீ ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய். அது எப்போது வருகிறது?

காலையில் முதல் கிக் அடித்ததுமே வருகிறதா, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து இன்ஜின் சூடேறிய பிறகு வருகிறதா? ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகத் திருகும்போதா, முழுக்க முறுக்கும்போதா? ஹெட்லைட் போட்டால் கூடுகிறதா? ஹேண்டிலைத் திருப்பினால் நிற்கிறதா? தேர்ந்த மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே இதையெல்லாம் கேட்டுவிடுவார். கேட்காமல் பொருளை மாற்றிக்கொண்டே போகிறவர் உன் பணத்தை வைத்துச் சூதாடுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வண்டி உன் ஊரில் பிறந்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955இல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அடுத்த ஆண்டே திருவொற்றியூர்த் தொழிற்சாலை திறந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இறங்கின, இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களும் இங்கேயே வார்க்கப்பட்டன. ரெட்டிச்சில் தயாரிப்பு நின்ற பிறகும் இங்கே நிற்கவில்லை. 1977இல் புல்லட் பிரிட்டனுக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது. இந்தக் கதையில் உனக்கு நேரடியாகப் பயன்படும் சேதி ஒன்று உண்டு. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. என்ற அடிப்படை பல பத்தாண்டுகளுக்கு மாறவே இல்லை. அதனால் உன் வண்டிக்கு வேண்டிய எந்தப் பாகமும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளிலோ, பழைய சாமான் என்றால் புதுப்பேட்டையிலோ கிடைத்துவிடும். கிடைப்பதாலேயே எல்லாரும் மாற்றிப் பார்க்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

நாலு சிலிண்டர் இன்ஜினில் மிஸ்ஸிங்கைப் பிடிப்பது ஒருவகையில் எளிது. உனக்கு வடக்கே எண்ணூரில், இன்றைய அசோக் லேலண்ட் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி இன்ஜினை ஓடவிட்டு பிளக் வயரை ஒவ்வொன்றாக விலக்குவார்கள். வேலை செய்யும் சிலிண்டரின் வயரை எடுத்தால் ஓட்டம் தடுமாறும். எதை எடுத்தும் மாற்றமே இல்லையோ அந்த சிலிண்டர்தான் ஏற்கெனவே வேலை செய்யாமல் கிடக்கிறது. டீசல் பஸ்ஸில் பிளக் கிடையாது, அங்கே இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். இன்றைய கார்களில் இதைக் கம்ப்யூட்டர் பார்க்கிறது. கிராங்க் ஒரு சுற்றின் எந்த இடத்தில் சற்றே வேகம் குறைகிறது என்று சென்சார் அளந்து, பி0300, பி0301 என்று குறியீடு தருகிறது.

உன் புல்லட்டுக்கு இருப்பது ஒரே சிலிண்டர். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று இல்லை. ஆகவே சூட்டில் எப்படி, குளிர்ச்சியில் எப்படி, மெல்லப் போனால் எப்படி, ஓங்கிப் போனால் எப்படி என்று அதை அதனோடேயே ஒப்பிட வேண்டும்.

முதலில் கரன்ட். பழைய வண்டியில் கார்புரேட்டர் கோளாறு என்று கழற்றப்படுவதில் பெரும்பகுதி கரன்ட் கோளாறாகத்தான் முடியும். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது விநாடிக்கு 25 தடவை பிளக்கில் பொறி விழ வேண்டும். 25இல் இரண்டு தவறினாலே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

தாத்தா வண்டி எலக்ட்ரானிக் இக்னிஷன் வருவதற்கு முந்தையது, சிபி (கான்டாக்ட் பிரேக்கர்) பாயிண்ட் உள்ளது. அமெரிக்கர் சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் கேடிலாக் காருக்குச் செய்த அதே ஏற்பாடுதான். பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரி கரன்ட் காயில் வழியே ஓடும். கேம் வந்து பாயிண்டைத் திறக்கிற கணத்தில் அந்த ஓட்டம் அறுபடும், காயிலின் மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும், பிளக்கில் பொறி தாவும். திறக்கும் கணத்தில் கரன்ட் பாயிண்டின் இடைவெளியையே தாவிவிடாமல் வாங்கிக்கொள்வது கண்டன்சர். விரல் நுனியளவு சாமான். பழைய வண்டிகளில் அது செய்யும் வம்பு கொஞ்சநஞ்சமல்ல: குளிர்ந்திருக்கும்போது யோக்கியமாக இருக்கும், சூடேறியதும் காலை வாரிவிடும். தொண்டியார்பேட்டை தாண்டும்வரை ஒழுங்காக ஓடி, ராயபுரம் நெரிசலில் தடுமாறத் தொடங்கி, கால்மணி நேரம் நிழலில் நிறுத்தினால் மறுபடி ஒழுங்காகிறது என்றால் முதல் சந்தேகம் கண்டன்சர் மேல், அடுத்தது காயில் மேல். காயிலைத்தான் மாற்றிவிட்டாயே. கண்டன்சரை மாற்றியதாக உன் கடிதத்தில் எங்குமே இல்லை.

பாயிண்டுக்கு மேலிருக்கும் வட்ட மூடியைக் கழற்றி, பாயிண்டின் இரு முகங்களையும் வெளிச்சத்தில் பார். சாம்பல் நிறத்தில் சமமாகத் தேய்ந்திருந்தால் நல்லது. ஒரு முகத்தில் சிறு குழியும், எதிர் முகத்தில் அதே அளவுக்குச் சிறு மேடும் இருந்தால், உலோகம் இங்கிருந்து அங்கே நகர்ந்திருக்கிறது. கண்டன்சர் சரியில்லை என்பதற்கு அது சாட்சி. இருட்டில் இன்ஜினை ஓடவிட்டுப் பார், பாயிண்டில் கொழுத்த பொறி பளபளவென்று தெரிந்தாலும் அதே முடிவுதான். உறுதி செய்ய எதையும் பிரிக்க வேண்டாம். பழைய கண்டன்சரின் இணைப்பை மட்டும் எடுத்துவிட்டு, நல்ல கண்டன்சர் ஒன்றை வெளியிலிருந்தே பாயிண்ட் வயருக்கும் எர்த்துக்கும் இடையே கட்டி ஒரு சுற்று ஓட்டிப் பார்.

பாயிண்டைத் தேய்ப்பதானால் மெல்லிய அரம் போதும். உப்புத்தாள் துகளை விட்டுச்செல்லும், அதுவே அடுத்த மிஸ்ஸிங்குக்கு விதை. தேய்த்த பின் நல்ல வெள்ளைக் காகிதத் துண்டை இடையில் விட்டு இழு, காகிதம் அழுக்கில்லாமல் வரும்வரை. இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும், ஆகவே பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பு பாயிண்ட் திறக்கத் தொடங்குகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். எவ்வளவு ஒழுங்காக வைத்தும் இடைவெளி தடவைக்கொரு அளவு காட்டினால், கேம் சுற்றும் புஷ் தேய்ந்து தண்டு ஆடுகிறது. அந்த ஆட்டத்தை எடுக்காமல் புதுப் பாயிண்ட் போட்டுப் பயனில்லை.

பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்துக் கிக் அடித்துப் பொறியைப் பார்த்திருப்பாய். அதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. காற்று அழுந்த அழுந்த, பொறி தாவத் தேவையான வோல்ட் கூடும். 1889இல் ஃபிரீட்ரிக் பாஷன் என்ற ஜெர்மானியர் இதை அளந்து காட்டினார். வெளியில் நன்றாகத் தாவுகிற பொறி, சிலிண்டருக்குள் காற்று இறுகியிருக்கும்போது தாவாமலே போகலாம். வெளியே பொறி வரவில்லை என்றால் கோளாறு நிச்சயம். வந்தால் எதுவும் நிரூபணமாகவில்லை. (பார்க்கும்போது பிளக் ஓட்டை வழியே பெட்ரோல் ஆவி வரும், முகத்தைத் தள்ளி வை.)

புல்லட்டில் தலைவிளக்குக்கு மேலே ஆம்பியர் மீட்டர் இருக்கிறதே, அதை அலங்காரம் என்று நினைத்துவிடாதே. சாவியைப் போட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்து. பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். திறக்கும்போது நடுவுக்கு வரும். முள் அசையவே இல்லை என்றால் பேட்டரிக்கும் பாயிண்டுக்கும் இடையில் எங்கோ அறுந்திருக்கிறது. இன்ஜின் ஓடும்போது மிஸ்ஸிங்கோடு சேர்ந்து முள்ளும் துள்ளினால் ஏதோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலை இடமும் வலமும் முழுக்கத் திருப்பிப் பார். அப்போது துள்ளினால் கழுத்தருகே வயர் உள்ளுக்குள் முறிந்திருக்கிறது. ஹெட்லைட்டும் பிரேக் லைட்டும் எரியும்போது மட்டும் மோசமாகிறது என்றால் பேட்டரியையும் சார்ஜிங்கையும் பார்.

வயரைப் பற்றி உன் ஊர்க்காரனிடம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று. செம்பு முனைகளில் பச்சை பூத்துவிடும். பார்வைக்கு இணைந்திருக்கும், கரன்ட் போகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் மணலிப் பக்கத்து எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. தாத்தா வண்டி அந்த வெள்ளத்தில் நின்றதா என்று வீட்டில் கேள். நின்றதென்றால் எர்த் இணைப்பு ஒவ்வொன்றையும் கழற்றி, தேய்த்து, இறுக்கு. வேறெதையும் தொடும் முன் இது.

கரன்ட் சரி என்று தீர்ந்த பிறகுதான் பெட்ரோல். ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள். கால் திருகலுக்குள் தடுமாறினால் கார்புரேட்டரின் பைலட் ஜெட், நடுவில் என்றால் ஊசி, முக்காலுக்கு மேல் என்றால் மெயின் ஜெட். தடுமாறும் அந்தத் திறப்பிலேயே கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்துச் சாவியை அணைத்து, ஓரங்கட்டி பிளக்கைப் பார். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் குறைவு, கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் ரப்பர் வெடித்துக் காற்று உள்ளே புகுந்தாலும் வெளுக்கும்.

பத்திருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பெட்ரோல் தீர்ந்ததுபோல் விக்கி நிற்கிறதா? டேங்க் மூடியைத் திற. ‘புஸ்’ என்று காற்று உள்ளே போய், வண்டி உடனே கிளம்பினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தினால் தீர்ந்தது. இதற்காகக் கார்புரேட்டரே மாற்றியவர்கள் உண்டு.

இன்று பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் உப்பவைக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் வடித்துக் கொஞ்ச நேரம் வை. அடியில் தண்ணீர் தனியே நின்றால் டேங்கையே கழுவ வேண்டும்.

கடைசியில் வால்வு. இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்க, இரண்டு புஷ் ராடையும் விரலால் சுற்றிப் பார். தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. டேப்பட் சத்தம் போடுகிறது என்று யாராவது இறுக்கிவிட்டிருந்தால், சூட்டில் வால்வு முழுக்க மூடாமல் அழுத்தம் கசியும், அதுவும் மிஸ்ஸிங்தான். அழுத்தத்தைத் திறந்துவிடும் டீகம்ப்ரஷரின் கேபிளுக்குக் கொஞ்சம் தளர்ச்சி இருக்கிறதா என்பதையும் பார். இழுத்துப் பிடித்த கேபிள் அதே கசிவைச் செய்யும்.

ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்று, மாற்றியதை நோட்டில் எழுது, கழற்றிய பழையதைத் தூக்கி எறியாதே. இரண்டை ஒன்றாக மாற்றிச் சரியானால் எது கோளாறு என்று தெரியாமலே போய்விடும், ஆறு மாதம் கழித்து அது திரும்பி வந்து நிற்கும். இந்த வாரம் கண்டன்சரும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் மட்டும் வாங்கு. அடுத்த கடிதத்தில் மூன்று விஷயம் எழுது: மிஸ்ஸிங் வந்தபோது எவ்வளவு தூரம் ஓடியிருந்தது, ஆக்சிலேட்டர் எந்தக் கோட்டில் இருந்தது, ஆம்பியர் மீட்டர் முள் என்ன செய்தது.

அன்புடன்,
உன் அண்ணன்