கட்டை போடுகிறவரும் கலைஞர்தான்

கேள்வி: ஐயா, நான் கொக்கட்டிச்சோலை. உயர்தரத்துக்குச் சித்திரம் படிக்கிறேன். காற்றுக்கும் ஆள் கைக்கும் அசைகிற பிரமாண்டமான சிற்பங்களை வெளிநாட்டில் செய்கிறார்களாம். அப்படி ஒன்றை நேரில் பார்க்க எங்கே போக வேண்டும்?

பதில்: தம்பி, உங்கள் ஊர்த் தான்தோன்றீஸ்வரர் கோயில் வீதிக்குப் போங்கள். படுவான்கரையில் தேரோடும் கோயில் என்றால் அதுதானே.

நெதர்லாந்தின் தியோ யான்சன் 1990 முதல் பிளாஸ்டிக் குழாய்களால் கடற்கரை மிருகங்கள் செய்துவருகிறார். காற்றடித்தால் அவை மணலில் கால் மாற்றி நடக்கும். சிறியவற்றை நாம் தள்ளினாலும் நடக்கும். அருமையான வேலை. தேருக்கோ வடம் பிடிக்கிற ஊரே காற்று.

வரும் திருவிழாவில் சற்று விலகி, சில்லு தெரிகிற இடமாக நில்லுங்கள். முதலில் வடம் விறைக்கும். தொம்பைகள் ஆடும், மரம் முனகும், உச்சிக் கலசம் நடுங்கும். சில்லு இன்னும் அசைந்திராது. நிற்கிற பாரத்தைக் கிளப்பத்தான் கூடுதல் பலம் வேண்டும். உருளத் தொடங்கிவிட்டால் அவ்வளவு தேவையில்லை. நூறு பேர் நூறு நேரத்தில் இழுத்தால் தேர் நகராது. எல்லோரையும் ஒரே மூச்சில் இழுக்கவைக்கிற அந்த 'அரோகரா'வையும் தேரின் ஓர் உறுப்பாகவே நான் எண்ணுகிறேன்.

திருப்புவதுதான் பெரிய வித்தை. மரத்தேரின் அச்சு வண்டி மாட்டைப்போல் கழுத்தைத் திருப்பாது. இடச் சில்லின் முன் சரிவாகச் செதுக்கிய கட்டையை வைத்தால் அந்தப் பக்கம் பிடிபடும், வலப்பக்கம் முன்னேறும், தேர் இடப்பக்கம் திரும்பும். எவ்வளவு சரிவு, எந்தக் கணத்தில் வைப்பது, எப்போது கையை எடுப்பது என்பதெல்லாம் உருளும் சில்லுக்குப் பக்கத்தில் நின்று பழகிய கைக்கே தெரியும். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி, ஏறத்தாழ 300 தொன். திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்து, 1970இல் அது மீண்டும் ஓடியது. அங்கேயும் வீதி முனையில் தேரைத் திருப்ப இன்றும் மனிதர்தான் கட்டை போடுகிறார்கள்.

சிற்பம் செதுக்கிய ஆசாரியாரைக் கலைஞர் என்கிறோம். கட்டை போடுகிறவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய மனக்குறை. அவருடைய அறிவு எந்த ஏட்டிலும் இல்லை, அவரோடு போய்விடும்.

திருவிழா முடிந்த ஒரு பின்னேரம் கொப்பியோடு அவரிடம் போய் இருங்கள். கட்டையைக் கையில் வாங்கி, நீள அகலம் அளந்து கீறுங்கள். சில்லு உராய்ந்து தேய்ந்த பக்கம் எதுவென்று மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.