காட்டு வாழையும் கடை வாழையும்

"மலைப்பழத்துக்குள் கறுப்புப் புள்ளி இருக்கிறதே, விதையா?" என்று வாடிக்கையாளர் கேட்டால், நமக்கு விளக்கம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

பழனி மலையின் பாறைச் சரிவுகளில் கல்வாழை என்ற காட்டுவாழை உண்டு. இது பக்கக்கன்று விடாது. ஒருமுறை குலை தள்ளியதும் மடிந்துவிடும். விதைதான் அதன் வம்சத்தைக் காக்கிறது. பழம் முழுக்கக் கடினமான விதை, சதை சொற்பம். ஆகவே மண்டிக்கு வருவதில்லை.

பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டங்களில் விளையும் விருப்பாட்சி வேறு. விதையுள்ள வேறு இரண்டு காட்டு இனங்களின் கலப்பில் வந்தது. மகரந்தம் சேராமலே காய் திரளும். நாம் காணும் புள்ளி, விதையாகாமல் நின்றுபோன சூல்தான். ஈரப்பசை குறைந்த பழமாதலால், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இதுவே உகந்தது.

விதையில்லாதது தின்பவருக்கு வசதி, பயிருக்கோ ஆபத்து. தாய்மரத்துக்கு முடிக்கொத்து நோய் இருந்தால் கன்றுக்கும் அது வரும். அசுவினிப் பூச்சியும் பரப்பும். 1970-களுக்குப் பின் மலைவாழைத் தோட்டங்கள் பல அழிந்தது இதனால்தான்.

தோட்டக்காரருக்கு முன்பணம் தரும் மண்டிக்காரர்கள், நடுவது நோயற்ற திசு வளர்ப்புக் கன்றா என்று விசாரித்துக் கொடுப்பது நலம். தோட்டத்தில் தார் இருந்தால்தான் நமக்கு வியாபாரம்.