சங்கில் புகட்டும் பால்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தலைப் போலவே பழைமை வாய்ந்தது சங்கு குளித்தல். மூழ்கி எடுத்த சங்குகளில் பெரும்பகுதி, வளையல் அறுப்பதற்காக வங்காளத்திற்குக் கப்பலேறியது. சிறிய சங்குகள் தமிழர் இல்லங்களில் குழந்தைகளுக்குப் பாலும் மருந்தும் புகட்டப் பயன்பட்டன. பின்னாளில் வெள்ளியிலும் எவர்சில்வரிலும் செய்யப்பட்ட பாலாடை, மூக்கு நீண்ட அவ்வடிவையே ஏற்றது. பல வீடுகளில் இன்றும் அதன் பெயர் சங்குதான்.

இப்பழம்பொருள், பணிக்குச் செல்லும் நகரத்துத் தாய்க்கு மீண்டும் துணையாகிறது. முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீரும் வேண்டா என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். தாய் வெளியே செல்லும் வேளைக்குப் பாலைப் பீய்ச்சித் தூய கலத்தில் எடுத்து வைக்கலாம்; குளிர்பதனப் பெட்டியில் ஒரு நாள் வரை அது கெடாது. அதனைப் புகட்டப் புட்டியைவிடப் பாலாடையே சிறந்தது. புட்டியின் இரப்பர்க் காம்பில் கிருமிகள் எளிதில் தங்கும்; அதற்குப் பழகிய குழந்தை தாயின் மார்பில் சப்ப மறுப்பதும் உண்டு. பாலாடையைக் கழுவுவதும் கொதிநீரில் இடுவதும் எளிது.

எனினும், பாலைச் சேமித்து வைப்பதோடு செய்தி முடிவதில்லை. குழந்தை சப்பும்போது மூளையடிச் சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்னும் இயக்குநீர் வெளிப்பட்டுப் பால் சுரக்கிறது. பால் வெளியேறாது தேங்கினால் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். நாளடைவில் சுரப்பும் குறையும். ஆதலின், பணியிடத்தில் பாலூட்டவோ பீய்ச்சவோ கிடைக்கும் சிறு இடைவேளையைச் சலுகை எனக் கருதுதல் தவறு. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தை பதினைந்து மாதம் நிறையும் வரை நாள்தோறும் இரு பாலூட்டும் இடைவேளைகளை அளித்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேறு விடுப்பை முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரங்களாக உயர்த்தியது; ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் அங்கு நாளுக்கு நான்கு முறை சென்று வரலாம் என்றும் விதித்தது. 2015இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன.

தூத்துக்குடி நகரை ஒட்டியே உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. அங்கு நாட்கூலிக்கு உப்பு வாரும் பெண்ணுக்கு, வேலைக்கு வராத நாளில் கூலியில்லை. விடியுமுன் அவள் பீய்ச்சி வைத்துச் சென்ற பாலை, வீட்டில் பாட்டி சங்கில் புகட்டிவிடலாம். நிழலற்ற பாத்தியில் நிற்கும் அத்தாய், கட்டிக்கொண்ட மார்புடன் ஒதுங்க ஓர் அறை அங்கு இல்லை.