கல்லூரிக் கணிப்பொறியும் கள்ளச் சாவியும்

பூட்டு என்பது அயலார்க்கென்றே செய்யப்படுவது என்பர் உலகத்தார். கல்லூரிக் கணிப்பொறிகளின் வரலாற்றை நோக்குவார்க்கு இத்துணிபு நிலைபெறாது. ஆங்குப் பூட்டை முதன்முதல் அசைத்துப் பார்த்தவர் மதிலுக்கு வெளியே நின்ற கள்வர் அல்லர். உள்ளேயிருந்து பயின்ற மாணாக்கரே. அவரை ஏவியதும் பெரும்பாலும் பொருளாசையன்று; அறியும் வேட்கையும் நேரக்குறையுமேயாம்.

நம் அடையாற்றை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973-ஆம் ஆண்டு ஐ.பி.எம். 370/155 என்னும் பெரும் பொறி நிறுவப்பெற்றது. அக்காலத்து மாணாக்கர் தம் நிரல்களை அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, விடை அச்சாகி வருமளவும் காத்திருப்பர். ஒரு காற்புள்ளி பிழைத்தாலும் மீண்டும் அட்டை, மீண்டும் காத்திருப்பு! பொறி ஒன்று, வேண்டுவோர் பலர். ஆகவே அத்தகைய பொறியிற் களவு போகத்தக்க செல்வம் காலமே எனலாம்.

இதற்கு முன்னரே, அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் பலர் ஒருங்கே ஒரு பொறியைப் பயன்படுத்தும் முறையொன்றை 1961-இல் நடத்திக் காட்டினர். அவரவர் கோப்பு அவரவர்க்கே உரியதாதற்பொருட்டு ஒவ்வொருவர்க்கும் ஒரு கடவுச்சொல் வழங்கப்பெற்றது. ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணாக்கர்க்கு வாரம் நான்கு மணி நேரமே கிடைத்தது; அது போதவில்லை. 1962-ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச்சொற்கள் அனைத்தும் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தருமாறு ஓர் அட்டையிற் குறித்து இட்டார். மறுநாட் காலை அச்சுத்தாள் அவருக்காகக் காத்திருந்தது. பிறர் பெயரில் நுழைந்து வேலையை முடித்துக்கொண்ட அவர், இதனைத் தாமே வெளியிடக் கால் நூற்றாண்டு கழிந்தது.

கடவுச்சொல்லை உள்ளவாறே எழுதி வைத்தமையன்றோ அங்கு நேர்ந்த பிழை? பின்வந்த அறிஞர் அதற்கொரு வழி கண்டனர். அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்கல் இயலாது. அதுபோலக் கடவுச்சொல்லைக் கணக்கினால் அரைத்து, அம்மாவினை மட்டும் பொறி வைத்துக்கொள்ளும். நாம் சொல்லைத் தந்தவுடன் அதனையும் அரைத்து ஒப்புநோக்கும். எனினும் கள்வன் வாளாவிருப்பானா? அகராதிச் சொற்களையெல்லாம் தானும் அரைத்து, எம்மாவு ஒக்கின்றதெனப் பார்ப்பான். அவன் வேலையைப் பெருக்குதற்காக ஒவ்வொருவர் மாவிலும் வெவ்வேறு எண்ணொன்றைக் கலந்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயரும் உப்பு என்பதே. நம் அடுக்களையார் கேட்டால் நகைப்பர்.

இம்முறையை விளக்கி ராபர்ட் மாரிஸ், கென் தாம்ஸன் என்னும் இருவர் 1979-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களுள் 2,831, அஃதாவது நூற்றுக்கு 86, மிகக் குறுகியனவாகவோ அகராதியிலும் பெயர்ப்பட்டியலிலும் காணத்தக்கனவாகவோ இருந்தன. அரைக்கும் கல் எத்துணைச் சிறந்ததாயினும் இட்ட அரிசி சொத்தையாயின் யாது பயன்?

விந்தை யாதெனின், அம்மாரிஸின் மைந்தரே ஒன்பதாண்டுகட்குப் பின் இக்குறையை உலகறியச் செய்தார். கார்னெல் பல்கலைக்கழக மாணாக்கரான அவர், 1988 நவம்பர் 2-ஆம் நாள், தானே பரவும் ஒரு நிரலை வலையில் விடுத்தார். அது அஞ்சல் மென்பொருள் முதலியவற்றின் ஓட்டைகள் வழியாகவும், 432 சொற்கொண்ட ஒரு பட்டியலால் கடவுச்சொற்களை ஊகித்தும் பொறிதோறும் புகுந்தது. கோப்புகளை அது அழிக்கவில்லை. ஆயினும் ஒரே பொறியிற் பன்முறை புகுந்து பெருகியமையால் பொறிகள் திணறி நின்றன. ஏறத்தாழ 6,000 பொறிகள் தாக்குண்டன என மதித்தனர். நீதிமன்றம் 1990-இல் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரப் பொதுத்தொண்டும், 10,050 டாலர் அபராதமும் விதித்தது. அவரே பிற்காலத்தில் மாசச்சூசெட்ஸ் கழகத்துப் பேராசிரியரானார்.

கருவியைக் குறை கூறிப் பயனில்லை. 1991-இல் வேல்ஸ் நாட்டுப் பல்கலைக்கழகமொன்றிற் பணிபுரிந்த அலெக் மஃபெட் என்பார் வெளியிட்ட ‘கிராக்’ என்னும் மென்பொருள், எளிய கடவுச்சொல் வைத்திருப்போரைக் கண்டறியப் பொறிக்காவலர்க்கு உதவியது. கள்வனுக்கும் அதுவே உதவிற்று. இருவரையும் பிரிப்பது உரியவரது அனுமதி ஒன்றே. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு அனுமதியின்றிப் பொறியுள் நுழைவாரை இழப்பீட்டுக்கு உட்படுத்துகின்றது. வஞ்சக எண்ணத்தோடு செய்யின் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விளையாட்டாகச் செய்தேன் என்னும் சொல்லை நம்புவது நீதிபதியின் விருப்பம்.

ஆயினும் தண்டத்தை மட்டும் காட்டி வேட்கையை அடக்க முயல்வது கல்வி நிலையத்திற்கு அழகன்று. வலையோடு இணையாத பழம்பொறிகள் இரண்டு மூன்றினை ஓர் அறையிலிட்டு, ‘இவற்றை உடைத்துப் பாருங்கள்’ என மாணாக்கரிடம் ஒப்படைக்கலாம். செலவு சிறிது, பூட்டுச் செய்வார்க்கும் பூட்டின் குறை அங்கன்றோ விளங்கும்?

மாணாக்கர் தம்மளவிற் செய்யத்தக்கன சில உள. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் உள்ள நகலகங்களில் தம் அஞ்சற் கணக்கைத் திறந்து அச்செடுத்தபின், மூடாது எழுந்து செல்லும் வழக்கம் ஒழிதல் வேண்டும். தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்த நெடிய கடவுச்சொல்லே நன்று. திரைப்பட நடிகர் பெயரும் பிறந்த நாளும் ஆகா. இடந்தோறும் வெவ்வேறு சொல்லை நினைவிற் கொள்ளல் அரிதாயின், ‘கீபாஸ்’, ‘பிட்வார்டன்’ போன்ற கடவுச்சொற் பெட்டக மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றின் மூலநிரலையும் எவரும் படிக்கலாம். கைப்பேசிவழி இரண்டாம் சான்று கேட்கும் வசதி உள்ளவிடத்து அதனையும் ஏற்க. கல்லூரிப் பொறியில் ஓட்டையொன்று தற்செயலாகப் புலப்படின், மறுமுறை முயன்று பாராது, கண்ட நாளையும் நேரத்தையும் குறித்துப் பொறிக்குப் பொறுப்பானவரிடம் எழுத்து மூலம் தருக. ஒரு படியைத் தம்மிடமும் வைத்துக்கொள்க.