கைக்கும் அளவெடுக்க வேண்டும்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையிலோ வேலை பார்க்கிறவரா நீங்கள்? அல்லது உங்கள் வீட்டில் யாராவது அங்கே வேலைக்குப் போகிறார்களா? அப்படியானால் இதை அவசியம் படியுங்கள்.

பவர் பிரஸ், ரோலிங் மில், கட்டிங் மிஷின் எதுவானாலும் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது கைதான். ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது. கையில் ஒரு பிளாஸ்டிக் தகட்டை மாட்டி, "சொல்லும்வரை கழற்றக்கூடாது" என்கிறார்கள். அதுதான் ஸ்பிளிண்ட். "அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே, இது எதுக்கு?" என்று வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைப்பவர்கள் உண்டு. விளைவு? தைத்தது அறுந்துபோகலாம், விரல் மடங்கியபடியே நின்றுவிடலாம்.

ஸ்பிளிண்ட் என்பதும் ஒரு மருந்துதான். மாத்திரைக்கு மில்லிகிராம் போல இதற்குக் கோணமும் நேரமும் அளவு.

ஆளுக்கு ஒரு கோணம்

நாம் எல்லாவற்றையும் 'நரம்பு' என்றே சொல்லிவிடுகிறோம். உணர்ச்சியைக் கொண்டுபோவது நரம்பு. விரலை இழுத்து மடக்குகிற கயிறு தசைநாண். உள்ளங்கைப் பக்கம் அறுந்த தசைநாணைத் தைத்திருந்தால், ஸ்பிளிண்ட் புறங்கையில் வரும். விரல் முழுதாக நிமிர்ந்து தையலை இழுத்துவிடாமல் அது தடுக்கும். பொதுவாக ஆறு வாரம் வரை தேவைப்படும். அதற்குள்ளேயே செய்ய வேண்டிய பயிற்சிகளையும் சொல்லித் தருவார்கள்.

நசுங்கிய கைக்கு வேறு கணக்கு. மணிக்கட்டு 20 முதல் 30 டிகிரி பின்னால் சாய்ந்து, விரல் அடி மூட்டுகள் 70 முதல் 90 டிகிரி மடங்கி, விரல்கள் நேராக இருக்க வேண்டும். ஏன் தெரியுமா? அடி மூட்டு மடங்கியிருக்கும்போதுதான் அதன் பக்கத் தசைநார்கள் நீண்டிருக்கும். நேராகவே விட்டுவிட்டால் அவை சுருங்கி, பிறகு கையைப் பொத்தவே முடியாது.

நுனி விரல் தொங்கிப் போயிருந்தால், அந்த நுனி மூட்டை மட்டும் ஆறு முதல் எட்டு வாரம் நேராக வைக்க வேண்டும். நடுவில் ஒரு தடவை மடங்கினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டியதுதான்!

கடையில் 'ஸ்மால், மீடியம், லார்ஜ்' என்று வாங்குவது சாதாரணச் சுளுக்குக்குச் சரி. மேலே சொன்ன காயங்களுக்குப் போதாது.

எப்படிச் செய்கிறார்கள்?

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உங்கள் கையைக் காகிதத்தில் வரைந்து, அந்த அளவுக்குத் தகட்டை வெட்டுவார். சுமார் 65 முதல் 75 டிகிரி சூட்டு வெந்நீரில் போட்டதும் அது அப்பளம் போலத் துவளும். எடுத்துத் துடைத்து, சூடு தணிந்ததும் உங்கள் கைமேலேயே படிய வைப்பார். பயப்படாதீர்கள், சுடாது. சில நிமிடத்தில் இறுகிவிடும். பிறகு பட்டை ஒட்டி, கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்து, எங்கே அழுத்துகிறது என்று சரிசெய்வார்.

இந்தத் தகடு இல்லாவிட்டாலும் மாவுக்கட்டில் செய்யலாம். 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு மாவுக்கட்டு போட்டு, அதை மாற்றி மாற்றியே கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார்.

கவனிக்க வேண்டியவை

* வீக்கம் வற்றினால் ஸ்பிளிண்ட் லொடலொடவென்று ஆகிவிடும். எடுத்துக்கொண்டு போய்த் திருத்தி வாங்குங்கள்.
* இரவிலும் போட வேண்டுமா, குளிக்கும்போது கழற்றலாமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.
* கழற்றலாம் என்று சொல்லியிருந்தால், தோலைத் தினமும் பாருங்கள். சிவப்புத் தடம் இருபது நிமிடத்துக்கு மேல் மறையாவிட்டால் காட்டுங்கள்.
* விரல் நீலமானால், மரத்தால், வலி ஏறிக்கொண்டே போனால் பட்டையைத் தளர்த்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.
* வெயிலில், பைக் மேல் வைக்காதீர்கள், உருகி வளைந்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும்.
* ஸ்பிளிண்டோடு மிஷின் பக்கம் போகவே கூடாது.

எங்கே போவது?

இந்தப் பக்கத்தில் அடிபட்டால் புத்தூர் கட்டுக்குப் போகிற பழக்கம் உண்டு. ஆனால் அறுந்த தசைநாணும் நரம்பும் கட்டுப்போட்டால் ஒட்டாது, தைக்கத்தான் வேண்டும். வட சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கைக்கென்றே தனிச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. பேராசிரியர் ஆர். வெங்கடசாமி உருவாக்கி வளர்த்தது. கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உண்டு. இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள்.

"சீக்கிரம் வேலைக்குப் போகணும், சம்பளம் போகுதே" என்ற அவசரம் புரிகிறது. ஆனால் ஆறு வாரச் சம்பளத்தைப் பார்த்து ஸ்பிளிண்டைக் கழற்றினால், ஆயுசு முழுக்கச் சம்பாதிக்க வேண்டிய கை போய்விடும். பொறுமையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.